அத்தியாயம் முடிந்தது

மாணவர் சேவைப் பிரிவில் சேர்ந்த அன்று அம்மா சொன்னாள்: "ஊருக்கு உழைக்கிறது இருக்கட்டும், சாப்பிட்ட தட்டைக் கழுவி வை." நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஊரும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம். நூறு மணி நேரம் தொண்டு செய்தால் தரும் சான்றிதழ் வேண்டும். மேற்படிப்பு விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.

பிரிவின் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். யாரையும் "நல்லா இருக்கியா" என்று கேட்கமாட்டார். "எத்தனை ஆச்சு?" என்பார். எனக்குக் கிடைத்தது வாசிப்பு வேலை. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும். அத்தியாயத்துக்கு நாலு மணி. படிக்கட்டுக்கு அடியில் இருந்த பழைய சாமான் அறைதான் பதிவு அறை. எதிரொலியைத் தடுக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. மின்விசிறி இரைச்சல் போடும் என்பதால் வியர்த்துக்கொண்டே வாசிப்போம். கடைசி வரி முடிந்ததும் "அத்தியாயம் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் கேட்பவர்கள் அடுத்ததற்குப் போவார்கள்.

நான் வாசித்தது சட்டம் படித்த இறுதியாண்டு மாணவிக்கு. அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"போன் வாசிச்சா தகரத்தை உருட்டுற மாதிரி இருக்குடி. அதுவும் இந்தப் பழைய அச்சுக்கு அதோட நாக்கு குழறுது. உன் குரல்னா அப்படியே மனசுல நிக்குது."

"நான் தூங்க வைக்கிறேன்னு மத்தவங்க சொன்னாங்களே?"

"பாதி அத்தியாயம் வரைக்கும்தான். அப்புறம் நீ விடுற கொட்டாவியில நான் முழிச்சுக்குவேன். அதுவும் பதிவாகியிருக்கு."

மணிக்கணக்கு ஒப்படைக்கும் கடைசி நாளில் எனக்குத் தொண்ணூற்றாறு மணி ஆகியிருந்தது. கையில் ஏழாம் அத்தியாயம், நாற்பது பக்கம். இருபத்தாறு பக்கத்தில் தொண்டை கட்டியது. மீதிப் பதினாலும் பொடி எழுத்தில் பழைய தீர்ப்புகள். ஒரு பத்தியின் முடிவில் நிறுத்தி, "அத்தியாயம் முடிந்தது" என்றேன். மறுநாள் வாசித்துச் சேர்த்துவிடலாம் என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். நினைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கடிகாரம் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வில் அக்கா சொல்லச் சொல்ல எழுத வேறு துறை ஆள் வேண்டும். நான் விலங்கியல் என்பதால் என்னையே கேட்டாள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், வேறு பேச்சு கூடாது என்பது விதி. நான்காம் கேள்வி ஒரு பழைய தீர்ப்பைப் பற்றியது. அந்தத் தீர்ப்பின் பெயரைப் பொடி எழுத்தில் பார்த்திருந்தேன்.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"புத்தகத்துலயே இல்லையே இது!" மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள், அங்கே எங்காவது அகப்படும் என்பதுபோல. பிறகு, "விட்டுடு" என்றாள்.

இருபது மதிப்பெண். நான் ஐந்தாம் கேள்வியை வாசித்தேன். விதி அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஆராய்ச்சிப் படிப்புக்கு அறுபது வேண்டும். அவளுக்கு ஐம்பத்து நாலு வந்தது.

"புத்தகத்துக்கு வெளியில இருந்து கேட்டிருக்காங்க. மனு போடலாம். நீயே எழுது, உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

அவள் சொன்னாள், எழுதினேன். 'ஏழாம் அத்தியாயம் முழுவதையும் மூன்று முறை கேட்டிருக்கிறேன்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னடி, மை தீந்துடுச்சா?"

"இல்லக்கா."

அந்த வரியையும் எழுதினேன். பதிவில் குறை என்று புகார் கொடுக்க அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது. விதிப் புத்தகத்தில் தேடிப் பார்த்து அதைத் தெரிந்துவைத்திருந்தேன். தெரிந்துகொண்டதோடு சரி.

மூன்று வாரம் கழித்து, நான் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நின்றபோது, அக்கா ஓர் உறையோடு வந்தாள்.

"பிரிச்சு வாசி."

"உங்கள் மனு ஏற்கப்படவில்லை."

"ஏனாம்?"

"காரணம் எதுவும் போடலக்கா."

காகிதத்தில் ஏழு வரி இருந்தது.

"ஒரு வரி சொல்ல முழுத்தாளா? தாராள மனசுதான் அவங்களுக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "குடு, தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பணும்."

போனைக் கடிதத்தின் மேல் பிடித்தாள். புது அச்சு; போன் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மனு ஏற்கப்படவில்லை. நான்காம் வினா, பாடநூலின் ஏழாம் அத்தியாயம், பக்கம் இருநூற்று ஆறு முதல் இருநூற்றுப் பத்தொன்பது வரை உள்ள பகுதியிலிருந்து கேட்கப்பட்டது. ஒலிப்பதிவில் குறை இருந்திருப்பின், முடிவு வெளியான பதினைந்து நாட்களுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். தகரக் குரல் ஒரு சொல்லைக்கூடத் தாண்டவில்லை.

என் கையில் சான்றிதழ் சரசரத்தது.

"அது என்ன சத்தம்?"

"சான்றிதழ்க்கா."

"அந்தப் பதினாலு பக்கத்துக்கும் சேர்த்துத்தானே மணி போட்டாங்க?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். "வேற எதை எதை முடிச்சு வச்சிருக்கே, அதையும் சொல்லிடு."

மனதுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். "அது ஒண்ணுதான்க்கா" என்றேன்.

அது உண்மை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் இருந்த என் பதிவுகளை முதல் அத்தியாயத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் போன், "அழிக்கவா?" என்று கேட்டது.