நாலு சொட்டு பினாயில்

தொண்டாமுத்தூரில் வெண்டைக்காயும் வாழையும் போட்டிருந்த நஞ்சுண்டனுக்கு ஆடியில் தொடங்கிய வயிற்றுப்போக்கு தை பிறந்தும் நிற்கவில்லை. சளியும் ரத்தமுமாகப் போய் ஆள் பாதியாகிவிட்டார். பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் மலத்தை மூன்று முறை சோதித்தார்கள். பூச்சி, அமீபா ஒன்றும் இல்லை என்றே வந்தது. குழாய் விட்டுப் பார்த்தால் குடலெல்லாம் புண். கிருமி இல்லாத புண் என்றால் உடம்பே தன் குடலை அரிக்கிற வியாதிதான் என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஒரு வாரம் தாண்டவில்லை, குடல் ஓட்டையாகி, அறுவைசிகிச்சை வரை போய்விட்டது.

வெட்டி எடுத்த குடல் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேப் டாக்டர் நந்திதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனையும் அமீபா. முதலிலேயே தெரிந்திருந்தால் மாத்திரையில் தீர்ந்திருக்கும். ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்டு வளர்த்துவிட்டது. நந்திதாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். லேபில் இருந்தவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த நஞ்சுண்டனின் மனைவி ராசாத்தாளிடம் போனாள்.

"டெஸ்டுக்கு டப்பாவை எப்படிங்கம்மா கொண்டுவந்தீங்க?"

"காந்திபுரத்துல பஸ் மாறோணுமுங்களே அம்மணி. பக்கத்துல உக்கார்றவிங்களுக்கு நாறுமேன்னு, மூணு தடவையும் நாலு சொட்டு பினாயில் உட்டுத்தானுங்க கொண்டாந்தேன். நீங்கெல்லாம் படிச்சவிங்க, கையில தொடறீங்க. அப்படியே குடுத்தா மரியாதையாங்க?"

உயிரோடு நெளிகிற அமீபாவைத்தான் லேபில் தேடுவார்கள். பினாயில் பட்டால் அது மிஞ்சாது. ஆஸ்பத்திரியே பினாயில் வாடை அடிக்கிற இடம், யார் மூக்குக்கும் உறைக்கவில்லை. சுத்தமாகக் கொண்டுவரச் சொன்னவர்கள், எதையும் ஊற்றாதீர்கள் என்று சொல்லவுமில்லை. இந்த ஊர் மரியாதையை நினைத்து நந்திதாவுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஏனுங்க அம்மணி, தப்புங்களா?"

"இல்லீங்கம்மா" என்றாள். இவ்வளவு சீக்கிரமாக அவள் பொய் சொன்னதே இல்லை.

சாயங்காலம் நஞ்சுண்டன் இறந்துபோனார். உடலை எடுத்துப் போன பிறகும் ராசாத்தாள் கட்டிலருகிலேயே நின்றாள். விரிப்பும் தரையும் சளியும் ரத்தமுமாக நனைந்திருந்தன. உள்ளே வந்த நந்திதாவிடம் மெல்லக் கேட்டாள்.

"கொஞ்சம் பினாயில் இருந்தாக் குடுங்க அம்மணி. நானே தொடச்சுப்போட்டுப் போறேன். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."