அடிவாரத்தில் நின்றுவிட்ட நடை

கொரோனா இரண்டாவது முறை வந்துபோன ஆண்டில் வளப்பூர் நாட்டுச் செங்கோட்டையன் ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்பி வந்தான். அவனுடைய நடை வரவில்லை. அது காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கும் முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழ்நாட்டில் சீக்கில் கிடந்து திரும்புகிறவர்கள் அந்த வளைவில் இறங்கி, வெறுங்காலால் மண்ணை மிதித்து, நாலு எட்டு வைத்த பிறகு வண்டி ஏறுவது அந்தப் பக்கத்து வழக்கம். செங்கோட்டையனைப் படுக்க வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். வாயில் குழாயோடு வாரக்கணக்கில் மயக்கத்தில் கிடந்தவனுக்குத் தலையைத் தூக்கவே இன்னொருவர் கை வேண்டியிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்ல அவன் மனைவி பாவாயிக்கு வாய் வரவில்லை. உசுரோட வாராரே, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

வீட்டில் இறக்கிப் படுக்க வைத்த பிறகுதான் இல்லாதது தெரிந்தது. கால்கள் இரண்டும் இருந்தன, ஆனால் வெட்டிப்போட்ட வாழைத்தண்டு போலக் கிடந்தன. பாதம் முன்பக்கமாகத் தொங்கியது. ஈர்க்குச்சியால் குத்தினால் ஒன்றும் தெரியவில்லை. போர்வை பட்டால் மட்டும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாத்தி, உச்சிவரை ஏறி மிளகு பறித்த ஆளுக்குக் கஞ்சிக் குவளையைப் பிடிக்க இரண்டு கையும் போதவில்லை. நெஞ்சு தேறிவிட்டது, காய்ச்சல் போய்விட்டது, கால் மட்டும் ஏன் இப்படி என்று பாவாயி கேட்டதற்கு, பெரிய சீக்கு போகிறபோது நரம்பையும் சதையையும் தின்றுவிட்டுப் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் அதை அப்படியே ஊருக்குச் சொன்னாள்.

நடை மலையேறத் தொடங்கிவிட்டது என்ற செய்தியை முதலில் கொண்டுவந்தவர் பஸ் ஓட்டும் அருணாசலம். கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். சின்ன வயதில் முள் ஏறிய வலது குதிகாலை ஒரு தேய்ப்புத் தேய்த்து வைக்கிற நடை செங்கோட்டையனைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. ரோட்டோரமாக ஒழுங்காக வருகிறது என்றும், குரங்குகள் கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கி அதற்கு வழி விடுகின்றன என்றும் அவர் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் சொன்னார். பலாப்பழம் என்ன விலை போகிறது என்று கேட்பது போல, நடை எத்தனையாவது வளைவு வந்திருக்கிறது என்று சந்தைக்கு வருகிறவர்கள் கேட்டுப் போனார்கள். மலைக்கு எழுபது வளைவு. ஒரு வளைவு ஏற அதற்குச் சில சமயம் ஒரு வாரம் ஆகும். மழை பிடித்தால் பாறை ஒதுங்கலில் நின்றுகொள்ளும்.

வாரம் ஒருமுறை வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிற பிசியோ சத்யா கீழ்நாட்டுப் பெண். அவளும் பஸ் ஜன்னல் வழியாக நடையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வருவாள். துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்கச் சொன்னாள். மணல் கட்டிய பையை முழங்காலால் தூக்கச் சொன்னாள். தட்டில் கொட்டிய மிளகை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கச் சொன்னாள். பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டிவிட்டாள்.

"நரம்பு நகம் வளர்ற மாதிரிதானுங்கண்ணா வளரும். அதுவரைக்கும் சதை வத்திப்போகாம, கணுக்கால் இறுகிப்போகாம நாம வெச்சிருக்கோணும். நடை வந்து சேர்றப்ப ஊடு பூட்டிக் கெடந்தா அது வேற யாரு ஊட்டுக்காச்சும் போயிரும்" என்றாள்.

செங்கோட்டையனுக்கு அந்த ஒரு பயம்தான் நெஞ்சில் உட்கார்ந்தது. தன் நடையில் வேறொருவன் தன் காட்டு வழியே குதிகாலைத் தேய்த்துக்கொண்டு போவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நடை பாதி மலை ஏறியபோது பாவாயிக்குப் பொறுக்கவில்லை. கூட்டி வந்துவிடலாம் என்று அருணாசலத்தின் பஸ்ஸில் மலை இறங்கிப் போனாள். புருஷனுடைய நடை என்பதால் மரியாதையாகவே, "ஏனுங்க, வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். அதுவும் மேலே திரும்புகிற பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது.

"உம் புருசன்ல பாதிதான இது. அரை டிக்கெட் போடச் சொல்லட்டுமா?" என்றார் அருணாசலம்.

"மீதிப் பாதி ஊட்ல ஒக்காந்து என்னைய வஞ்சுக்கிட்டிருக்குதுங்க. அதுக்கும் சேத்து முழுசாவே போடுங்க."

பஸ் மேலும் நாலு வளைவு திரும்பியது. சொந்த வேகத்தில் வந்து பழகிய நடைக்குத் தலை சுற்றிவிட்டது. படியில் இறங்கி ஓடியதை எல்லோரும் கேட்டார்கள். மறுநாள் அது மறுபடி முதல் வளைவில் நின்றது. அது பஸ் ஏறிய நாளில் வீட்டிலும் ஒன்று நடந்திருந்தது. நடை பஸ்ஸில் வருகிறது என்ற தைரியத்தில் செங்கோட்டையன் பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, நிலைப்படியில் விழுந்து, தொடை வீங்கிக் கிடந்தான். அதன்பிறகு துண்டை மூலையில் எறிந்தவன் அதை எடுக்கவில்லை. சத்யா வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கணுக்கால் மரக்கட்டையாக இறுகத் தொடங்கியது. நடையைப் பஸ் ஏற்றிய தன்மேல்தான் தப்பு என்று பாவாயி நினைத்திருந்தாள்.

அந்தக் கார்த்திகையில் அவள் வாசலுக்கு எதிரே நின்ற மிளகுக்கொடியைக் கட்டப் போனாள். கொடி சீக்கிரம் உயரட்டும் என்று, மரத்தைப் பிடித்திருந்த கணுக்களைப் பிய்த்து, மேலே இழுத்து, நாரால் இறுக்கினாள். கட்டிலில் கிடந்தவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"அடியே, கணு புடிக்காம கொடியை இழுத்தா வாடிப்போகுமுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன். அவுத்து உடு. அதுவா புடிச்சு ஏறட்டும்."

பாவாயி கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"கொடிக்கு மட்டும் நல்லாச் சொல்றீங்க" என்றாள்.

அவன் மூலைப் பக்கம் திரும்பினான். பிறகு, "அந்தத் துண்டை எடுத்துக் குடு" என்றான்.

அப்புறம் யாரும் நடையைக் கூப்பிடவில்லை. அது வெயிலில் நடந்தது, மழையில் நின்றது. ஒரு பொங்கலைப் பதினெட்டாவது வளைவில் கழித்தது. அதற்கடுத்த வருஷத்து ஆடியில் மலை உச்சிக்கு வந்தது. கீழே அது ஒரு வளைவு ஏறினால் மேலே அவனுக்கு ஒரு விரற்கடை உணர்வு இறங்கியது. தொடை, முழங்கால், கெண்டைச்சதை என்று வந்தது. சத்யா இடையில் கல்யாணமாகி, குழந்தை பெற்று, திரும்ப வேலைக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கணுக்காலை மடக்கிப் பார்த்து, "ஊடு தொறந்துதான் இருக்குது" என்றாள். நடை செம்மேட்டுச் சந்தையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றியது. வழி தெரியாமல் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் என்று சத்தம் கேட்டவர்கள் சொன்னார்கள்.

அது வீடு வந்து சேர்ந்தது ஒரு மத்தியான நேரத்தில். பாவாயி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் குதிகால் தேயும் சத்தம் கேட்டது. படுத்திருந்த நாய் எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்தது. செங்கோட்டையன் காலை நீட்டிக் காட்டினான். குதிகாலில் சூடு ஏறியது, பாதத்தில் எறும்புகள் ஓடின, பெருவிரல் மேல்நோக்கி அசைந்தது. அவன் எழுந்து, கிணற்றடி வரை போய், முகம் கழுவிவிட்டு, வலது குதிகாலைத் தேய்த்தபடியே திரும்பி வந்தான்.

"வந்துட்டுதுங்களா?" என்றாள் பாவாயி.

"வந்துருச்சு. கெழங்கு வேகட்டும், பசிக்குது."

இடது பாதத்தின் கடைசி இரண்டு விரல்கள் வரவில்லை. அவை அறுபத்து நாலாவது வளைவில், கீழ்நாடு முழுவதும் தெரிகிற இடத்தில், காற்று வாங்கிக்கொண்டு தங்கிவிட்டன. அவை இல்லாமல் ஏணியில் பாதிக்குமேல் ஏற முடியாது என்பதால், மேல்பாதி மிளகைப் பறிக்கப் பாவாயி பழகிக்கொண்டாள், கீழ்ப்பாதி அவனுடையது. உச்சியில் நின்று அவள் போடும் அதட்டலை அடுத்த காட்டில் கேட்கலாம். அவனும் சந்தோஷமாகவே அதட்டு வாங்குகிறான். அவன் பஸ்ஸில் கீழே போகிற நாட்களில், அந்த வளைவில் அருணாசலம் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்துவார். செங்கோட்டையன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, விரல்களைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவான்.

"எப்புடி இருக்குதுங்க?" என்று பின்சீட்டில் யாராவது கேட்பார்கள்.

"நல்லா இருக்குது" என்பான். பஸ் கிளம்பும்.