ஃபைனல் மாப்பிள்ளை

தர்மராஜுக்கு மொத்தம் நாலு கதை தெரியும். மூன்று அவருடைய கம்பெனியைப் பற்றியவை. அவற்றைக் கேட்க ஆள் கிடைக்காது. நாலாவது, பெண் பார்க்கப் போன கதை. அதைக் கல்யாண வீட்டில் சொல்வார், ரயிலில் சொல்வார், பல் பிடுங்கப் போன இடத்தில் ஒரு பக்கக் கன்னம் மரத்துக் கிடந்தபோதும் சொல்லியிருக்கிறார். இப்போது ஸ்ரீரங்கத்தில், பெருமாள் தரிசன வரிசையில், முன்னால் நின்ற புதுமணத் தம்பதியிடம் ஆரம்பித்துவிட்டார்.

"பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் தம்பி. முசிறியிலேர்ந்து ஒரு வேன் நிறைய ஆளா வந்து உக்காந்திருக்கோம். இவ தட்டுல காப்பி எடுத்துக்கிட்டு வரா. கை கிடுகிடுன்னு ஆடுது. டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக் கலகலங்குது. என் வேட்டியில பாதி காப்பி. அவ்வளவு வெட்கம்! அந்த நடுக்கத்தைப் பாத்துதான் முடிவு பண்ணேன், இந்தப் பொண்ணுதான்னு."

புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மனைவி யமுனா பக்கத்திலிருந்த கல்தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தக் கதை பொய். சொல்கிறவருக்கே தெரியாத பொய்.

நடந்தது இதுதான். அன்று காலை அவள் தன் கல்லூரிக்காகப் பூப்பந்து அரையிறுதி ஆடியிருந்தாள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் நிற்கிற செண்டர் இவள். எதிராளி அடிக்கிற பந்தில் பாதி செண்டரின் தலையில்தான் விடியும். மூன்று ஆட்டம் இழுத்துக்கொண்டு போய் ஜெயித்தார்கள். சாயங்காலம் ஃபைனல் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாவின் ஸ்கூட்டர் மைதானத்துக்குள் வந்தது. அடுத்த வாரம் வருவதாக இருந்த முசிறிக்காரர்கள் இன்றைக்கே வருகிறார்களாம். நல்ல இடமாம், விட்டால் போய்விடுமாம். பின்சீட்டில் அவள் அழுதுகொண்டே போனது ஸ்கூட்டர் இரைச்சலில் அப்பாவுக்குக் கேட்கவில்லை.

பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு தட்டைத் தூக்கியபோது வலது கை தோளிலிருந்து விரல்நுனி வரை ஆடியது. மூன்று ஆட்டம் அடித்த கை ஆடாமல் என்ன செய்யும்? அதே நேரத்தில் செண்டர் இல்லாத அவள் அணி தஞ்சாவூர்க் கல்லூரிக்காரிகளிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதில் சொல்லத் தைரியம் வரவில்லை. தைரியம் வந்தபோது கதை ஊரெல்லாம் சுற்றிப் பேர் வாங்கிவிட்டது. தர்மராஜ் மேல் அவளுக்குக் கோபமில்லை, தங்கமான மனுஷர். கோபமெல்லாம் அந்தக் கதையின் மேல்தான். அவர் ஒவ்வொரு தடவை 'வெட்கம்' என்று சொல்லும்போதும், ஆடாமல் விட்ட அந்த ஃபைனல் நெஞ்சுக்குள் முள்ளாகத் திரும்பிக்கொள்ளும்.

திருமணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது என்று மகள் வைஷ்ணவிதான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். "சனி, ஞாயிறு ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வாங்கம்மா" என்றபோது, யமுனா யோசிக்காமல் "திருச்சி" என்றாள். பிறந்த ஊர்ப் பாசம் என்று அப்பாவும் மகளும் நினைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் மகாலட்சுமி போன் செய்திருந்தாள். பழைய அணியில் வலது பக்கம் ஆடியவள், இன்றைக்கு அதே கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. "பழைய மாணவிகள் தினத்துக்குத் தஞ்சாவூர் டீமையே கூப்பிட்டிருக்கேன்டி. நாம தோத்த ஃபைனலை மறுபடி ஆடறோம். இந்தத் தடவையும் ஸ்கூட்டர்ல ஏறிப் போனேன்னா காலை உடைச்சிடுவேன்."

அன்றிலிருந்து ஓசூர் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் விடிகாலையில் பந்தடித்துப் பழகினாள். முட்டி முனகியது, மூச்சு வாங்கியது, விடவில்லை. "பக்கத்து வீட்ல என்னத்தையோ தட்டிக்கிட்டே இருக்காங்க" என்று தர்மராஜ் கீழே இட்லி தின்றபடி அலுத்துக்கொள்வார். பட்டுப்புடவைக்கு அடியில் கேன்வாஸ் ஷூவும், பெட்டியின் பக்கவாட்டில் பேட்டுமாகத் திருச்சிக்கு வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலேஜில் ஒரு விழா என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எதிரில் இருப்பவர் தர்மராஜாக இருந்தால் மறைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டல் குளியலறையிலிருந்து டிராக் பேன்ட்டும் டீ ஷர்ட்டுமாக அவள் வெளியே வந்ததும், தர்மராஜின் கையிலிருந்த பேப்பர் தானாகக் கீழே இறங்கியது.

"என்ன யமுனா இது?"

"மேட்ச் இருக்கு. பூப்பந்து."

"யாரு ஆடுறா?"

"நான்தான்."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். ஆட்டோவில் போகும்போது அவள் மடியிலிருந்த பேட்டை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

நூறு வயதைத் தாண்டிய கல்லூரி. வாதாமரத்தடியில் நாற்காலிகள் போட்டு, வெள்ளைக் கோடு புதிதாகக் கிழித்திருந்தார்கள். மகாலட்சுமி ஓடி வந்து யமுனாவைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே தஞ்சாவூர் அணியின் ருக்ஸார், அன்றைக்குக் கப்பை வாங்கிக்கொண்டு போன கேப்டன், முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் தர்மராஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவரா? இவர்தானா ஃபைனல் மாப்பிள்ளை?"

இரண்டு அணிப் பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"எந்த ஃபைனல்ங்க?" என்றார் தர்மராஜ்.

"தெரியாத மாதிரி கேக்கறாரு பாருங்கடி! காலையில செமிஃபைனல் ஆடிட்டு நின்ன எங்க செண்டரை, சாயங்காலம் பொண்ணு பாக்கறேன்னு தூக்கிட்டுப் போயிட்டீங்களே" என்றாள் மகாலட்சுமி. "நாங்க கப்பை இழந்ததே உங்களாலதான் சார். இத்தனை வருஷமா எங்களுக்குள்ள உங்க பேரே ஃபைனல் மாப்பிள்ளைதான்."

குட்டு உடைந்தது. தர்மராஜ் யமுனாவைப் பார்த்தார். அப்புறம் அவளுடைய வலது கையைப் பார்த்தார். போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

விசில் ஊதியது. முதல் பந்தே யமுனாவின் இடுப்புப் பக்கமாக விர்ரென்று போனது. மொட்டைமாடிச் சுவர் அடித்த பந்தைத் திருப்பித் தரும், ஏமாற்றத் தெரியாது. ருக்ஸாருக்குத் தெரிந்தது ஏமாற்று மட்டும்தான். ஓங்குவது போலக் கையைத் தூக்கி வலைக்கு முன்னால் மெத்தென்று போடுவாள். முன்னே ஓடி வந்தால் அடுத்ததைத் தலைக்கு மேலே அனுப்புவாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யமுனாவும் காற்று, வெயில், பந்து என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பார்த்தாள். இடம் மாறும் நேரத்தில் தஞ்சாவூர் வெகுதூரம் முன்னால் இருந்தது. தண்ணீர் குடிக்க வந்தவளுக்கு அழுகை முட்டியது. கடைசியில் அந்தக் கதைதான் ஜெயிக்கப் போகிறதா?

பாட்டிலை நீட்டியது தர்மராஜ்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா யமுனா?"

"கை நடுங்குச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. ஏன்டி நடுங்குச்சுன்னு என்னை ஒரு நாள் கேட்டீங்களா?"

அவர் திருகத் திருகப் பாட்டில் மூடி மாட்டவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி மெதுவாகச் சொன்னார்: "அந்தம்மா தலைக்கு மேல அனுப்பறதுக்கு முன்னாடி இடது காலை ஒரு எட்டு பின்னால வைக்குது. ஒவ்வொரு தடவையும். இங்கேர்ந்து பாத்தா தெரியுது."

யமுனா அவரை உற்றுப் பார்த்தாள். கம்பெனியில் நாளெல்லாம் ஓடுகிற இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷர். பார்ப்பது அவருக்குத் தொழில். இத்தனை வருஷம் தன்னை மட்டும் ஏன் சரியாகப் பார்க்கவில்லை என்று சண்டை போட நேரமில்லை. அதை ஓசூருக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த தடவை ருக்ஸாரின் இடது கால் பின்னால் போனபோது யமுனா ஏற்கெனவே பின்வாங்கி நின்றிருந்தாள். பேட்டின் நரம்பில் பந்து பட்ட ஓசை கைக்குத் தெரிந்த ஓசை. பந்து எதிர்ப்பக்கக் கோட்டருகில் போய் விழுந்தது. மகாலட்சுமி "அப்படிப் போடுடி!" என்று கத்தினாள். ஒரு புள்ளி இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. முட்டி வலித்தது, வலிக்கட்டும். கையில் பழைய சூடு ஏறிவிட்டது. கடைசி நாற்காலியிலிருந்து யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள், "கால்! காலைப் பாரு யமுனா!" திரும்பினால் தர்மராஜ் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். நடுவர் அதட்டினார். இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் கத்தினார்.

சமமாகி, முந்தி, மறுபடி சமமானது. இன்னும் ஒன்று எடுத்தால் போதும் என்ற இடத்தில் பந்து வலைக்கு மேலாக நெடுநேரம் போய் வந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் விடவில்லை. ருக்ஸாரின் கால் பின்னால் போனது. யமுனாவும் ஓர் எட்டு பின்னால் வைத்தாள். அதைப் பார்த்துவிட்ட ருக்ஸார் கடைசி நொடியில் மாற்றி வலைக்கு முன்னால் போட்டாள். கெட்டிக்காரி. ஆனால் யமுனா பின்னால் போகவே இல்லை, போவது போல வைத்த காலை ஊன்றி முன்னால் பாய்ந்தாள். மண்ணை உரசியபடி எடுத்த பந்தை அப்படியே தேய்த்துத் தூக்கினாள். அது வலையின் மேல் கயிற்றில் பட்டு, யோசித்து, அந்தப் பக்கமாக விழுந்தது.

அடுத்து என்ன நடந்தது என்று யாருக்கும் வரிசையாகச் சொல்லத் தெரியாது. ஐந்து பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தியாக மண்ணில் கிடந்தார்கள். சேலம் மருமகள், மணப்பாறை மாமியார் என்ற பட்டமெல்லாம் மூட்டை கட்டி ஓரமாகப் போயிற்று. அத்தனை பேரும் கல்லூரிப் பெண்கள். ருக்ஸார் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "அன்னைக்கு நீ இல்லாம ஜெயிச்சது எனக்கும் இனிக்கலடி" என்றாள். யமுனா வாய்விட்டு அழுதாள். வெட்கப்படாமல் அழுதாள்.

எல்லாரும் வாதாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கேன்டீனிலிருந்து ஒரு மாணவி எவர்சில்வர் டம்ளர்களில் காப்பி கொண்டுவந்தாள். தர்மராஜ் எழுந்து போய், "குடும்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டார். இப்படி ஒரு தட்டை அவர் ஆயுளில் தூக்கியதில்லை. மரத்தடியில் பத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் நடையையும் வேட்டியையும் மீசையையும் அளந்து பார்த்தார்கள். பாதி வழியிலேயே டம்ளர்கள் கலகலவென்று இடிக்க ஆரம்பித்தன. யமுனாவின் எதிரில் வந்து குனிந்தபோது பாதி காப்பி அவள் ஷூவில் கொட்டியது.

"அய்யோ, மாப்பிள்ளை கை நடுங்குது பாருங்கடி!" என்றாள் ருக்ஸார்.

யமுனா டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். அவள் கையும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. தர்மராஜ் அதைப் பார்த்தார். இந்த முறை சரியாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"வெட்கம்டி அவருக்கு" என்று யமுனா அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அந்த நடுக்கத்தைப் பாத்துதான் முடிவு பண்ணேன், இந்த மாப்பிள்ளைதான்னு."