வலிக்காத கால்

உடம்பைத் துடைத்துவிடலாம் என்று போர்வையை விலக்கிய சாய்ரகுல், கணவனின் வலது கணுக்காலில் ஈக்கள் அப்பிக்கிடப்பதைப் பார்த்தாள். ஒன்றை ஓங்கி அடித்தாள். உள்ளங்கையில் ரத்தம் ஒட்டியது. மற்றவை பறந்துபோன இடத்தில் ஊசியால் குத்தினாற்போலச் சிவந்த பொட்டுகள். சில பழையவை, சீழ் கோத்திருந்தன.

தொக்தோசுன் இதொன்றும் அறியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன இலையுதிர் காலத்தில் முற்றத்திலேயே விழுந்தவன். அதற்குப் பிறகு வலது பக்கம் அவனுடையதாக இல்லை. பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியிருந்தது.

வெயில் வந்தால் ஈ வரத்தான் செய்யும் என்று அவளும் இத்தனை நாள் ஜன்னலில் மெல்லிய துணி கட்டிப் பார்த்தாள், அர்ச்சா என்ற மலைமரத்தின் தழையைப் புகைத்துப் பார்த்தாள். இருமல்தான் மிச்சம்.

கொழுந்தன் ஜூமாபெக்கை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். அவன் ஊர் மாட்டு வைத்தியன். வந்தவன் சுவரில் உட்கார்ந்திருந்த ஈ ஒன்றைத் தேநீர்க் கிண்ணத்தால் கவிழ்த்துப் பிடித்தான். கதவருகே வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"மூஞ்சியப் பாருங்க அண்ணி. முன்னால முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கா? வீட்டு ஈக்கு இது கிடையாது, அது நக்கும். இது மாட்டுக் கால்ல ரத்தம் குடிக்கிற ஜாதி."

"மாட்டைத்தான் நீ ஓட்டிட்டுப் போயிட்டியே. அப்புறம் இங்க என்ன வேல அதுக்கு?"

ஜூமாபெக் கொல்லைப்பக்கம் போனான். அங்கே புல்போர் நின்றது. தொக்தோசுன் விழுவதற்கு முந்தைய கோடையில் தானே அறுத்து, தானே உலர்த்தி அடுக்கியது. மேலே படுதா போடுவதற்குள் விழுந்துவிட்டான். பனி உருகி இறங்கி, மழையும் சேர்ந்து, அடிப்பாகம் கறுத்துக் கிடந்தது. ஜூமாபெக் கவைக்கோலைச் செருகிப் புரட்டினான். புளித்த நாற்றம் அடித்தது. ஈரச் சாணியும் மக்கிய புல்லும் கலந்த சேற்றில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"உனக்கு முன்னாலயே தெரியுமாடா?"

"சந்தேகம் இருந்திச்சு. அண்ணன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

எழுந்து நடந்ததும் மாட்டைத் திரும்ப ஓட்டி வர வேண்டும், அதற்கு அந்தப் புல் வேண்டும் என்று தொக்தோசுன் தினமும் சொல்வான். அவளும் ஆமாம் என்பாள். ஆமாம் சொல்வது பழகிவிட்டிருந்தது. இன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போரைப் பிரிக்கணும்."

"தொடாத."

"அதுலதான் ஈ பெருகுது. உங்களக் கடிச்சுக் குதறுது."

"என்ன எதுவும் கடிக்கல. புளுகாத."

அவள் அவனுடைய வலது முழங்காலை மடக்கி, இடது கையைப் பிடித்துக் கணுக்காலில் வைத்தாள். விரல்கள் தடவின. ஈரம் தட்டுப்பட்டதும் நின்றன. கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். யாரோ வேற்றாள் காலைத் தொட்டுவிட்டதைப் போல விரல்களைப் போர்வையில் துடைத்துக்கொண்டான்.

"எத்தன நாளா?"

"தெரியல. நான் இன்னிக்குத்தான் பாத்தேன்."

"போர் நடுவுல இருக்கற புல்லு நல்லாத்தான் இருக்கும்" என்றான். "ஜூமாபெக்க எடுத்துக்கச் சொல்லு."

நடுப்பாகம் உண்மையாகவே பச்சை மாறாமல், மலைச்சரிவின் வாசனையோடு இருந்தது. ஜூமாபெக் அதை வண்டியில் ஏற்றினான். அழுகியதை இருவருமாக வேலிக்கு அப்பால் இழுத்துப்போய், வெயிலில் புழு காயும்படி மெல்லிசாகப் பரப்பினார்கள். சாய்ரகுல் மிச்சத்தைச் சுரண்டிப் பெருக்கினாள். ஒரு தடவை நிமிர்ந்தபோது ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. குனிந்துகொண்டாள்.

வண்டி போன பிறகு படலைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. தெருவில் திரிந்த குதிரைக்குட்டி ஒன்று உள்ளே வந்தது. போர் நின்ற இடம் வெளிறிய சதுரமாகக் கிடந்தது. குட்டி அதன் நடுவில் நின்று மண்ணை முகர்ந்தது. ஜன்னலுக்குப் பின்னால் தொக்தோசுன் அதை விரட்ட இடது கையை உயர்த்தினான். கை கண்ணாடியில் பட்டு, அப்படியே அங்கேயே ஊன்றி நின்றது.