சிவப்பிரகாசம் கேக் வாங்கிய விதம்

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை, தங்கச் சுரங்கம் மூடிக் கிடந்த ராபர்ட்சன்பேட்டையில் பணம் கையை விட்டுப் போவதை நிறுத்திக்கொண்டது. தக்காளி அன்று கிலோ நாற்பது. மனோகர் நீட்டிய நோட்டு அவன் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. காய்கறிக்காரி வாணி இழுத்துப் பார்த்தாள், பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து இழுத்தார், தோல்தான் சிவந்தது. சரி, கொடுக்க வேண்டாம் என்று அவன் மனதுக்குள் முடிவு செய்ததும் நோட்டு பதவிசாக விரலை விட்டுச் சட்டைப்பைக்குள் இறங்கியது. போனில் அனுப்பிய பணமும் போன வேகத்தில் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டது. ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும். பெங்களூரில் பணம் வழக்கம்போலத் தண்ணீராக ஓடியது. ஆராய வந்த அதிகாரிகள் டீ குடித்துவிட்டுக் காசை நீட்ட, அது அவர்கள் கையிலும் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் நாலு டம்ளர் கழுவிக் கொடுத்துவிட்டு, அறிக்கை அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள்.

ஊர் ஒரு வாரம் திகைத்தது. அடுத்த வாரம் பழகிவிட்டது. மைன்ஸில் வேலை பார்த்து ஓய்ந்த பெருமாள், ரேஷன் கடை வரிசையில் வாணிக்காக நின்று தக்காளி வாங்கிப் போனார். சினிமா டிக்கெட் இரண்டு முட்டை, பால்கனி என்றால் நாட்டுக்கோழி முட்டை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மசால்தோசை சாப்பிட நினைத்தவர்கள் ஓட்டல் பின்கட்டில் குடும்பத்தோடு வெங்காயம் உரித்தார்கள். அழுதுகொண்டே உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். கொடுப்பது பொருளோ வேலையோ, கொடுக்கிறவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அடுத்தவருடையதைத் தன்னுடையது என்று நீட்டினால் அதுவும் கையில் ஒட்டியது.

இந்த ஏற்பாட்டில் நிஜமாகவே கஷ்டப்பட்டவர் ஒரே ஒருவர், வர்த்தகர் சங்கத் தலைவர் சிவப்பிரகாசம். வரிக்குப் பயந்து பாத்திரக் கடையை மகன் ராகவ் பேருக்கும், வீட்டை மனைவி பாப்பம்மா பேருக்கும், காரை மருமகள் சுமா பேருக்கும் அவர் என்றைக்கோ எழுதி வைத்திருந்தார். சொந்தமாக மிஞ்சியவை தலைவர் பதவியும், பீரோ நிறையப் பொன்னாடைகளும், மேடையில் கொடுத்த கேடயங்களும். மனிதர் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு பழம் வாங்கப் போனார். அது சாயங்காலம் வரை கையை விடவில்லை. அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்பில் சொம்போடுதான் நின்றார். அன்பளிப்பு என்று நினைத்து வாங்கப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் இழுத்துத் தோற்றார்கள்.

பேத்தி பவ்யாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு வயது. ஒவ்வொரு வருஷமும் கேக் வாங்குவது ராகவ், அதன் பின்னால் நின்று சொற்பொழிவாற்றி போட்டோ பிடித்துக்கொள்வது தாத்தா. குழந்தை அதை நம்பியிருந்தது. இந்த வருஷமும் என் தாத்தாதான் வாங்குவார் என்று வகுப்பில் சொல்லப்போக, பக்கத்து பெஞ்சு விநாயக் ஒரு கேள்வி கேட்டுவிட்டான். அந்தக் கேள்வியை அவள் அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"தாத்தா, குடுக்கறதுக்கு உங்ககிட்ட இன்னா கீது?"

சங்க ஆண்டுவிழாவில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டவர்களையெல்லாம் உட்கார வைத்த மனிதர், நாற்காலியை விட்டு எழுந்தார். நேரே போய் பீரோவைத் திறந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பொன்னாடை மூட்டையோடு எலைன் பேக்கரிக்குப் போனார். எலைன் அறுபதைத் தொட்ட பெண்மணி. மைன்ஸ் நடந்த காலத்தில் ராத்திரி பகல் பாராமல் கல்லுடைத்த மில்லின் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவர். மில் நின்ற நாளோடு அவர் தூக்கமும் நின்றுபோனது. படுத்துப் பிரயோஜனமில்லை என்று எழுந்து மாவு பிசைய ஆரம்பித்தார். ஊருக்கு நல்ல கேக் கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

"பொன்னாடையா? என்கிட்டயே நாலு கீது தலைவரே, எல்லாம் நீங்க போத்தினது. அடுப்பு தொடச்சா கூட தண்ணி உறிய மாட்டேங்குது."

கேடயத்தை எடுத்து வைத்தார். எலைன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மாவு சலிக்க உதவாது என்றார்.

"அப்போ கடையோட பெருமைய பத்தி ஒரு சொற்பொழிவு..."

"பேசாம இருக்கறதுன்னா ஒரு பன்னு தரேன்."

சிவப்பிரகாசத்துக்கு முகம் சிவந்தது. வெளியே போயிருப்பார், ஆனால் வெயில், மூட்டையின் கனம், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் காத்திருக்கும் அந்தக் கேள்வி. பெஞ்சில், பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு முழு வாக்கியம் யோசித்து முடிப்பதற்குள் தூங்கிப்போனார். தூங்கினால் அவருக்குக் குறட்டை வரும். ஆழத்திலிருந்து ஒரு நீண்ட உருட்டல், நடுவில் ஒரு இடி, பிறகு கல் நொறுங்குவதுபோல ஒரு சரிவு, மறுபடி உருட்டல். மில் ஓடிய காலத்தைப்போலவே அலமாரியில் பிஸ்கட் டின்கள் தாளத்தோடு அதிர்ந்தன. பெருமாள் திடுக்கிட்டு எழுந்து, சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டுக்குக் காத்திருப்பவர்போல பெல்ட்டை இறுக்கினார். "இன்னா ஷிப்டு இது? கேஜ் வந்துட்சா?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் நின்றவாக்கிலேயே தூங்கினார். எலைன் கல்லாமேல் தலையைச் சாய்த்தார். வெளியே தன் கடையில் வாணி தராசைப் பிடித்தபடி தூங்கினாள். அந்தக் குறட்டை கேட்ட தூரம் வரை, ஊரிகம் போகிற பஸ்ஸின் டிரைவர் உள்பட, எல்லாரும் தூங்கினார்கள். பஸ் தானாக ஓரங்கட்டி நின்றது.

வெயில் சாய்ந்தபோது எலைன்தான் முதலில் எழுந்தார். முகத்தில் சுருக்கங்கள் குறைந்திருந்தன. பைனாப்பிள் கேக்கை டப்பாவில் வைத்து, சிவப்பிரகாசத்தை எழுப்பி நீட்டினார். அது இறகுபோல இவர் கைக்கு வந்தது.

"நான் ஒண்ணும் குடுக்கலையேம்மா."

"குடுத்தீங்க. தெருவே வாங்கிச்சு. நாளைக்கும் வாங்க."

"நான் வர்த்தகர் சங்கத் தலைவர்!"

"தெரியுமே. தலைவரு மூக்கால பேசினா எவ்ளோ நல்லா கீது."

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? வழியெல்லாம் யோசித்து ஒரு வாக்கியம் தயார் செய்தார். மறுநாள் சொந்தக்காரர்கள், பவ்யாவின் வகுப்புப் பிள்ளைகள், முன்வரிசையில் விநாயக். பவ்யா கையை நீட்டினாள். சிவப்பிரகாசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊருக்கு நான் ஆற்றிய தொண்டைப் பாராட்டி..." என்று தொடங்கினார். டப்பா அவர் கையில் ஒட்டிக்கொண்டது. பவ்யா இழுத்தாள், ராகவ் இழுத்தான், சுமா கத்தியை நுழைத்துப் பார்த்தாள். வரவில்லை. குழந்தையின் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. விநாயக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவப்பிரகாசம் மைக் இல்லாத குரலில் பேசினார். அந்தக் குரலை வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை.

"கொறட்ட விட்டு வாங்கினேம்மா. என்கிட்ட அதான் கீது."

டப்பா நழுவி அவள் கைக்குப் போனது. பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கேக்கு குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா நாப்பது வருஷமா காதுல பஞ்சு வெச்சிருக்க மாட்டேனேங்க!" விநாயக் முதல் தடவையாக மரியாதையோடு அவரைப் பார்த்து, நிஜமாகவே பஸ் நின்றதா என்று விசாரித்தான். பவ்யா, "சக்கத் தாத்தா!" என்று கன்னடத்தில் மெச்சிக் கத்திக்கொண்டே அவர் வாயில் கிரீமை அப்பினாள்.

யுகாதிக்குக் கொஞ்சம் முன்னால் பணம் மறுபடி கையை விட்டுப் போக ஆரம்பித்தது. மனோகரின் நோட்டு பேக்கரியில் தவறி விழுந்தபோதுதான் அது தெரிய வந்தது. எலைன் அதை எடுத்துத் துடைத்து அவனிடமே கொடுத்துவிட்டு, முட்டை இருந்தால் கொண்டு வரச் சொன்னார். அதிகாரிகளின் அறிக்கை இன்னும் வரவில்லை. சங்க ஆண்டுவிழாவில் தலைவரைப் பேச அழைப்பதற்குப் பதிலாக மேடையில் சாய்வு நாற்காலி போட்டார்கள். கூட்டம் கடைசி வரை கலையாமல் இருந்தது அந்த வருஷம்தான். பள்ளிக்கூடம் இல்லாத மத்தியானங்களில் அவர் பேக்கரி பெஞ்சில் தூங்கும்போது பவ்யா பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கிவிடாமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஈ ஓட்டுகிறாள். அந்த வேலைக்கு அவளுக்குத் தனியாக ஒரு கிரீம் பன்.