பீரோ கதவின் உள்பக்கம்

போன் அடித்தபோது என் கையில் உப்புத்தாள் இருந்தது. நூம்பலில் எங்கள் மரவேலை ஷெட்டில் நான் மட்டும்தான். பாலிஷுக்குச் சாமான் வாங்க அப்பா வேலப்பன்சாவடி போயிருந்தார்.

“ஜெனியா? கோவில்பதாகை ஜெயகுமாரி ஆன்ட்டி பேசறேன். பீரோவப் பத்தி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்மா. வலது கதவுக்கு உள்ள காலண்டர் தாள் ஒட்டிருக்கும், அத மட்டும் தொடாதீங்க. அடியில உங்க அங்கிள் பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. அவரு போனப்புறம் அவரு கையெழுத்துன்னு ஊட்ல அது ஒண்ணுதான் கீது. எம்புள்ள ஃபெலிக்ஸுக்குக் கல்யாணமாகி பீரோ அவன் ரூமுக்குப் போனாலும் அது இருக்கணும். அவன் மறந்துடக் கூடாது பாரு.”

“சரி ஆன்ட்டி” என்றேன்.

அந்தத் தாளை ஒரு மணி நேரத்துக்கு முன்பே சுடுதண்ணீர் தடவி உரித்திருந்தேன். என் காலடியில் துண்டு துண்டாகக் கிடந்தது. அடியில் பென்சில் வரிகள் இருந்தன. பழைய பீரோக்களில் பால் கணக்கு, கேஸ் நம்பர் என்று ஏதாவது கிறுக்கியிருப்பார்கள், தேய்த்துவிடுவோம். தேய்க்கும்போதுதான் இரண்டு வரி கண்ணில் பட்டது. ‘மார்ச் 3. குடித்துவிட்டு வந்தான். அம்மாவைக் கீழே தள்ளினான்.’ ‘ஏப்ரல் 19, பெரிய வெள்ளி. வீட்டுக்கே வரவில்லை.’ அடுத்தவர் வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்டது போல இருந்தது. அந்தக் கூச்சத்தில் கை இன்னும் வேகமாகத் தேய்த்தது. போன் வந்தபோது கடைசி வரி மட்டும் மிச்சம்.

அப்பா வருவதற்குள் பக்கத்து டயர் கடையில் அதே மாதிரி ஒரு பழைய காலண்டர் வாங்கி, இன்னும் பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, மைதாப் பசை தடவி அதே இடத்தில் ஒட்டிவிட்டேன்.

“இன்னாத்துக்கு உள்ள தாள ஒட்டிக்கினு கீற?” என்றார் அப்பா.

“ஆன்ட்டி சொன்னாங்க.”

அதற்கப்புறம் உட்கார முடியவில்லை. ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து பார்த்தேன். ஈரம் காயாத தாள் ஓர் இடத்தில் உப்பிக்கொண்டு வந்தது. போகும்போதும் வரும்போதும் அதைக் கட்டை விரலால் அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் பாவ அறிக்கை சொன்னபோது என் உதடு அசையவில்லை. திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. முன்னால் போன அப்பா திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் ஆன்ட்டியும் ஃபெலிக்ஸ் அண்ணனும் குட்டியானை வண்டியோடு வந்தார்கள்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர்” என்றார் அப்பா. “நாலு கோட்டு பச்சை பெயின்ட்டு. உரிச்சா உள்ள அசல் தேக்கு. இத்தப் போய் இப்படி மூடி வச்சிருந்தீங்களே.”

“எங்கம்மாவ விட வயசு ஜாஸ்தி. ஆனா அம்மாவ விட ஷோக்கா கீது” என்றார் ஃபெலிக்ஸ் அண்ணன்.

“வாயப் பாரு கல்யாண மாப்ளைக்கு” என்றார் ஆன்ட்டி.

ஆன்ட்டி வலது கதவைத் திறந்தார். தாளை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். “பத்திரமா வச்சிருக்கீங்க பிரதர். தேங்க்ஸ்.”

அவ்வளவுதான். நான் சும்மா இருந்தால் போதும். டிரைவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், தெரிந்த பதிலுக்கும் எழுந்து நின்று ஊமையாக நிற்பேன். நேராகப் போய்த் தாளின் மேல்நுனியைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று கையோடு வந்தது.

“ஏய், இன்னா பண்ற?” அப்பா ஓடி வந்தார்.

“நான்தான் தேச்சுட்டேன். ஆன்ட்டி போன் பண்றதுக்கு முன்னாடியே. அப்புறம் பயந்துபோய் வேற தாள் ஒட்டிட்டேன்.”

ஆன்ட்டி வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபெலிக்ஸ் அண்ணன் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார்.

“படிச்சியா?” என்றார் ஆன்ட்டி.

“ரெண்டு வரி.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல ஆன்ட்டி.”

“நாப்பத்தோரு வரிடி. எனக்கு எல்லாம் மனப்பாடம். தெனம் காலைல பொடவ எடுக்கத் தொறந்தா அதான் ஞாபகம் வரும். இத்த நீ தேச்சுட்ட. அத்த எங்க போயித் தேய்க்கறது?”



“நான் குடிய உட்டு நாலு வருஷம் ஆச்சும்மா” என்றார் ஃபெலிக்ஸ் அண்ணன் மெதுவாக.

“தெரியும். எனக்குத் தெரியாதா?”

கதவின் அடியில் அந்தக் கடைசி வரி இருந்தது. நான் படிக்கவில்லை. ஆன்ட்டி படித்தார், உதடு அசைந்தது. ஃபெலிக்ஸ் அண்ணன் குனிந்து பெஞ்சிலிருந்த உப்புத்தாளை எடுத்தார்.

“நீ தொடாத” என்றார் ஆன்ட்டி. “நீ அழிக்கிறதுக்கு இது இன்னா உன் சிலேட்டா? குடு இப்படி.”

முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார். உப்புத்தாளை மடித்துக் கோபமாகக் குறுக்கே தேய்த்தார். தேக்கில் கீறல் விழுந்தது. அப்பா தடுக்கப் போனவர் நின்றுவிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இப்படி ஆன்ட்டி. மரத்துல ரேகை ஓடற பக்கமா.”

என்னை முறைத்தார். கையை மட்டும் உதறவில்லை.

“உன் மேல கோவம் போகல, தெரிஞ்சுக்க” என்றார். பிறகு நான் காட்டிய பக்கமாகவே தேய்த்தார்.