கேக்குகளுக்கு மேலே ஒரு படம்

காலை ஆறு இருபதுக்கு ஃப்ளாட் கேட்டிலிருந்த திரையில் பேச்சியின் முகம் சிவப்பாக வந்தது. மற்ற நாட்களில் பச்சை வரும், குறுக்குக் கம்பி மேலே ஏறும், அவள் உள்ளே போவாள்.

"ஒண்ணுகூடி நோக்கு ஆன்சா," என்றாள்.

மலையாளிக் காவலாளி ஆன்சன் அவள் எண்ணை மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் சிவப்பு.

"ப்ளாக் ஆக்கி, சேச்சி. நேத்து ராத்திரி."

"யாரு?"

"அசோசியேஷன்." குரலைத் தாழ்த்தினான். "சேச்சி எந்தோ எடுத்துட்டுப் போனதா க்ரூப்பில போட்டோ வந்துட்டுண்டு. எனக்கும் நல்லா திட்டு கிட்டி."

பேச்சி தன் இடுப்பைப் பார்த்தாள். துண்டில் சுற்றிய குக்கர் அங்கே இருந்தது. நான்காம் மாடி கௌசல்யாவின் குக்கர். கைப்பிடி ஆடுகிறது, ஜங்ஷனில் கொடுத்துச் சரிபண்ணிக் கொண்டுவாங்க பேச்சிக்கா என்று அவள்தான் நேற்று மத்தியானம் தந்துவிட்டாள்.

"களவாண்ட சாமானத் தூக்கிட்டு மறுநாளே எவளாவது வேலைக்கு வருவாளாடா?"

"என்னோடு பறஞ்சிட்டு எந்தா கார்யம் சேச்சி?"

வேலை செய்யும் ஐந்து வீடுகளுக்கும் போன் போட்டாள். கௌசல்யா எடுக்கவில்லை. மூன்று பேர் எடுக்கவில்லை. ஐந்தாம் மாடிக்காரி எடுத்து, "க்ரூப்பில் பறயூ," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த க்ரூப்பில் பேச்சி கிடையாது. அவளுடைய படம்தான் இருந்தது.

ஓரமாக நிற்கச் சொன்னான் ஆன்சன். அவள் நகரவில்லை. கார்கள் அவளைச் சுற்றி வெளியே போயின. ஒரு பெண் கண்ணாடியை இறக்கினாள். போனைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள். கண்ணாடி ஏறியது.

ஆன்சன் இன்டர்காமில் சொன்னபிறகு கௌசல்யா இறங்கி வந்தாள். நைட்டிமேல் துப்பட்டா, கையில் போன். பாளையங்கோட்டைப் பெண், ஐடி கம்பெனி வேலை. சோறு தின்னும்போதுகூட ஒரு கை போனில்தான் இருக்கும். கூப்பிட்டால் மட்டும் எடுக்கமாட்டாள்.

"அய்யோ பேச்சிக்கா, நான் பாக்கவே இல்ல. ஆபீஸ் க்ரூப்பு, டீம் க்ரூப்பு, ஃப்ளாட் க்ரூப்பு, காலேஜ் க்ரூப்பு... வந்து கொட்டிக்கிட்டே இருக்கு. எதைன்னு பாக்கறது?"

"இப்பம் காட்டுங்க."

கௌசல்யா பெருவிரலால் தள்ளினாள். கேக் வந்தது. பலூன் வந்தது. பூங்கொத்து வந்தது. அசோசியேஷன் செக்ரட்டரி சேஷனின் பேரனுக்கு நேற்றுப் பிறந்தநாள். தள்ளத் தள்ளக் கேக். அதற்கெல்லாம் மேலே பேச்சி இருந்தாள். படிக்கட்டில் இறங்குகிறாள், இடுப்பில் மூட்டை. பின்னாலிருந்து எடுத்த படம். ஜாக்கெட்டின் தையல் விட்டிருந்தது. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"கீழ என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

"இது யார் வீட்டு வேலைக்காரி, என்னமோ எடுத்துட்டுப் போறான்னு ஒருத்தங்க கேட்டிருக்காங்க. சேஷன் சார் பதில் போட்டிருக்கார். ராத்திரி பத்து மணிக்குள்ள யாரும் மறுப்புச் சொல்லலேன்னா உள்ள விடக்கூடாதுன்னு."

"யாரும் சொல்லலையா?"

கௌசல்யா திரையை அணைக்கப் போனாள். பேச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சேஷனின் வரிக்கு நேர் கீழே ஒரு கேக். அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் சின்ன முகம், கறுப்புக் கண்ணாடி, பொன்முடி மலை. கௌசல்யா வீட்டு ஹாலில் சட்டம்போட்டு மாட்டியிருக்கிற படம். தினமும் அதைத் துடைப்பது பேச்சி.

"இது நீங்கதான?"

"பேச்சிக்கா, மேல என்ன இருக்குன்னு யாரும் பாக்கறதில்ல. எல்லாரும் விஷ் பண்ணுவாங்க, நாமளும் ஒண்ணு போட்டுட்டு வந்துருவோம். போடலேன்னா அதை மட்டும் கவனிப்பாங்க."

"என் படத்துக்குக் கீழ கேக்கு."

"சத்தியமா பாக்கல."

"சரி, பாத்தாச்சுல்லா? எழுதுங்க. குக்கரு என்னது, நாந்தான் குடுத்துவிட்டேன்னு எழுதுங்க."

கௌசல்யாவின் பெருவிரல் திரைக்கு மேலே நின்றது. கீழே இறங்கவில்லை.

"நான் சேஷன் சார்கிட்ட தனியா பேசறேன். சாமான் வெளிய குடுத்துவிட்டா ஆப்ல நான் பாஸ் போட்டிருக்கணும். மறந்துட்டேன். அதை க்ரூப்புல சொன்னா என்னைத்தான் கிழிப்பாங்க. நான் வாடகைக்கு இருக்கவ. அடுத்த மாசம் அக்ரிமெண்ட் முடியுது. ஓனர் சேஷன் சார் பேச்சைத்தான் கேப்பார்."

"தனியாப் பேசினா கம்பி தொறக்கும். மத்த வீட்டுக்காரங்க? அலமாரியப் பூட்டிட்டுல்லா எனக்குக் கதவத் தொறப்பாவ. எல்லார்கிட்டயும் கள்ளின்னு சொல்லிட்டு, ஒருத்தர் காதுல மட்டும் இல்லேம்பீங்களா?"

"கத்தாதீங்க பேச்சிக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நேத்துப் பாக்காதவங்க இன்னைக்காவது பாக்கட்டும்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. சேஷன் நடைப்பயிற்சி முடித்து வந்தார். வெள்ளை ஷூ, கழுத்தில் துண்டு. பேச்சியை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"என்ன கௌசல்யா, கேட்டண்ட நின்னுண்டு? எதுவானாலும் க்ரூப்ல போடும்மா. பேரனுக்கு விஷ் பண்ணியே, பாத்தேன். சந்தோஷம்."

"தேங்க்யூ சார்," என்றாள் கௌசல்யா.

அவருக்குக் கம்பி ஏறியது. அவர் உள்ளே போனதும் இறங்கியது.

பேச்சி குக்கர்மேல் சுற்றியிருந்த துண்டை உருவினாள். குக்கரைக் கம்பிக்கு நேர்கீழே தரையில் வைத்தாள். புதுக் கைப்பிடி வெயிலில் கறுப்பாக மின்னியது. ஹாரன் மறுபடியும் அடித்தது. ஆன்சன் எழுந்து, திரும்ப உட்கார்ந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குக்கருக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள்.

"நேத்து முதுகைத்தான எடுத்தாவ? இன்னைக்கு மூஞ்சிய எடுங்க. குக்கரும் விழுற மாதிரி எடுங்க. அந்தக் கேக்குக்கெல்லாம் கீழ போட்டு, உங்க பேரைப் போட்டு எழுதுங்க. எழுதுவீங்களா, மாட்டீங்களா கௌசல்யாம்மா?"